கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கடல் வேண்டுமா?

தேனி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கிழக்கே ராமநாதபுரம் கரையானாலும் சரி, மலை தாண்டி மேற்கே ஆலப்புழைக் கரையானாலும் சரி, நேர்கோட்டில் அளந்தாலும் 100 கிலோமீட்டருக்கு மேல். அணை உண்டு, அருவி உண்டு, காற்றாலை உண்டு, ஏலக்காய் வாசம் உண்டு. கடல் மட்டும் இல்லை. இல்லாத பொருள் மேல்தானே ஆசை அதிகம் வரும்!

அந்த ஆசை இப்போது யூடியூப் வழியாக வீட்டு ஹாலுக்குள் வந்துவிட்டது. நீல வெளிச்சம், அசைந்தாடும் பவளங்கள், நடுவில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன். 2003ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்தே உலகம் முழுக்க இந்த மீனுக்கு ரசிகர்கள். தங்கமீன் தொட்டி வைத்திருப்பவர் அடுத்ததாகக் கேட்பது, "இதே தொட்டியில் உப்புத் தண்ணீர் ஊத்துனா போதுமா?" என்பதுதான். போதாது. தேனி மாதிரி ஒரு ஊரில் உப்புநீர்த் தொட்டி வைக்கவே முடியாது என்பதில்லை, முடியும். ஆனால் கல் பவளம் வளர்க்கும் தொட்டியை, தண்ணீர், குளிர்ச்சி, மின்சாரம் மூன்றுக்கும் மாற்று ஏற்பாடு தயாராக இல்லாத வீட்டில் வைக்கக் கூடாது. சட்டமும் அதற்குக் குறுக்கே நிற்கிறது.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்த பழைய வெற்றிக் கதைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சென்னை மெரினாவில் 1909ல் ஒரு மீன் காட்சிசாலை திறந்தார்கள், இரண்டாம் உலகப்போர் வரை இருந்தது. அதற்குக் கடல் எதிர் வாசல். 1961ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்துப் பவளம் வளர்க்கும் தன் முறையைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். உலகம் வியந்தது. அவருக்கும் கடல் பக்கம்தான். தண்ணீர் கெட்டால் புதுத் தண்ணீர், பாறை செத்தால் புதுப் பாறை. உத்தமபாளையத்திலோ போடியிலோ இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் கடலை உப்புப் பையிலிருந்து தயாரிக்க வேண்டும்.

சரி, தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பள்ளத்தாக்குக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிக் குறை சொன்னால் கோபம் வரும். 1895லிருந்து முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வருகிறது, பென்னிகுயிக் படம் இல்லாத டீக்கடை குறைவு. குடிக்கவும் நெல்லுக்கும் அருமையான தண்ணீர்தான். பவளத்துக்கு ஆகாது. குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். தோட்டத்துக் கிணற்று நீரில் உரத்திலிருந்து இறங்கிய நைட்ரேட் இருக்கலாம். இதையெல்லாம் விட இந்த ஊருக்கே உரிய ஒரு ஆபத்து உண்டு: போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக்கும் ஏலத்துக்கும் அடிக்கிறார்களே, அதேதான். மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட். மீன் தாங்கும் அளவுத் தாமிரத்தைக்கூடப் பவளமும் இறாலும் நத்தையும் தாங்காது. மருந்து கலக்கிய பிளாஸ்டிக் வாளியை நன்றாகக் கழுவிவிட்டதாக நினைத்து அதிலேயே உப்பைக் கரைத்தால் முடிந்தது கதை. மீன் கடைகளில் வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தரும் சில மருந்துகளிலும் தாமிரம்தான் இருக்கிறது. பவளத் தொட்டிக்கென்று தனி வாளி, தனி குழாய், தனி துணி வேண்டும். ஒட்டுமொத்தப் பராமரிப்பில் இதுதான் மலிவான வேலை, இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே ஆர்.ஓ. நீர், முடிந்தால் அதற்கு மேல் அயனி நீக்கும் ஒரு வடிகட்டியும். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்.ஓ. சுவைக்காகக் கொஞ்சம் தாது கலந்து விடும், அதை நம்ப முடியாது.

அடுத்து உப்பு. "தூத்துக்குடி உப்பும் கடல் உப்புதானே?" என்று கேட்பவருக்குப் பதில்: கடலிலிருந்து வந்ததுதான், ஆனால் கடல் முழுவதும் அதில் இல்லை. உப்பளத்தில் படிய வைத்து எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1.3 கிராம் மெக்னீசியமும் 0.4 கிராம் கால்சியமும் உண்டு. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது அந்தக் கால்சியத்தில். அதனால் தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கடல் உப்பு வாங்க வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். அதை நிரப்ப ஏறத்தாழ ஏழு கிலோ. வாரம் ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் வாரத்துக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, வருடத்துக்கு 37 கிலோ. இது ஒரு நாளும் நிற்காத செலவு.

இங்கே ஒரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. தொட்டியில் தண்ணீர் வற்றும்போது ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு உள்ளேயே தங்கிவிடும். வற்றியதை ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. மின்விசிறி வைத்துக் குளிரூட்டும் 190 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வற்றுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்து நாள் வீட்டில் யாரும் இல்லை. லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 39 கிராமாகிவிடும். மூச்சு முட்டி மீன் செத்தால் "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்வார்கள்.

தொட்டியை நிரப்பியதும் மீன் விடக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்தப் படை பெருகும் வரைக்கும் தொட்டி விஷம்தான். கடல்நீரின் பி.எச். 8.2 அளவில் இருப்பதால் அமோனியா நன்னீரில் இருப்பதை விட அங்கே கொடியது. வாங்கிய அன்றே மீன் விட்டு, செத்ததும் இன்னொன்று வாங்கி, அதுவும் செத்ததும் மூன்றாவது வாங்கும் வழக்கம் நன்னீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. கடல் மீனில் அந்த வழக்கத்தின் விலையைக் கொடுப்பது எங்கோ ஒரு பவளத்திட்டு.

இப்போது வெயில்.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு உணவும் நிறமும் பெரும்பாலும் அது தருவது. தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும், வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, ஆனால் சூடு நீடித்தால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 30 டிகிரியைத் தாண்டி வெப்பம் நீடிக்கும் கோடைகளில் இதுதான் நடக்கிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் நடந்தது. 2016 மட்டும் அங்கே உயிருள்ள பவளப் பரப்பைச் சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீத அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது.

அத்தனை பெரிய கடல் சூடேற வாரக்கணக்கில் ஆகிறது. 190 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு மதியம் போதும். பவளத் தொட்டிக்கு 25லிருந்து 27 டிகிரி வேண்டும். சித்திரை மாதம், தார்சு வீடு, மேற்குச் சுவர், உள்ளே மோட்டாரும் விளக்கும் தரும் சூடு வேறு... மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தேனியின் காய்ந்த காற்றில் இது சென்னையை விட நன்றாகவே வேலை செய்யும். வற்றுவதும் அதற்கேற்ப கூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சில்லர் வாங்க வேண்டும்.

சரியாக அந்த மாதத்தில்தான் வீரபாண்டி கவுமாரியம்மன் திருவிழா. வீட்டில் எல்லோரும் கோயிலில் இருப்பார்கள், சொந்தக்காரர்கள் வந்து போவார்கள், யாரோ ஒரு குழந்தை சுவிட்சை அணைத்துவிடும். அந்த வாரத்தை எப்படிக் கடப்பது என்று யோசிக்காமல் தொட்டி வாங்குபவர் மீன்களை நேர்ந்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

மின்சாரத்துக்கு வருவோம். 2012 வாக்கில் மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் யாருக்கும் மறந்திருக்காது (ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே இருட்டாக இருக்கும்!). இப்போது அந்த நிலை இல்லை. ஆனால் பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்தும் நாள் இன்னும் இருக்கிறது, காற்று மழைக்குக் கம்பி அறுவதும் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகக் கரையும், உப்புத் தண்ணீரில் அதைவிடக் குறைவாகக் கரையும். மோட்டார் நின்றால் மூச்சுக்கு ஆபத்து முதலில், சூடு அப்புறம்தான். நெருக்கமாக மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். குறைந்தபட்சம் பேட்டரியில் ஓடும் ஒரு காற்று மோட்டார் வேண்டும். சில்லரையும் தாங்கும் இன்வெர்ட்டர் என்றால் அது வேறு பட்ஜெட்.

வணிகவியல் படித்தவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சில்லர் 300 வாட், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்: 2.4 யூனிட். சுழற்சி மோட்டார்கள் 50 வாட், 24 மணி நேரம்: 1.2. விளக்கு 100 வாட், எட்டு மணி நேரம்: 0.8. ஸ்கிம்மர் 15 வாட், நாள் முழுக்க: 0.36. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4.8 யூனிட், இரண்டு மாத பில்லுக்குச் சுமார் 290. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும், 500ஐத் தாண்டிய வீட்டுக்குக் கணக்குப் போடும் முறையே மாறிவிடும். இதுவரை 250ல் நின்ற குடும்பம் 540க்குப் போகும்போது கூடுவது 290 யூனிட்டின் விலை மட்டுமில்லை. கடையில் தொட்டிக்கு விலை கேட்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. தொட்டி மூலதனச் செலவு, கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடலாம். நடைமுறைச் செலவுதான் ஆறாவது மாதத்தில் ஆளைச் சாய்க்கிறது. அப்போது பாடப்புத்தகத்தில் வரும் 'மூழ்கிய செலவு' வேலையைக் காட்டும். இவ்வளவு போட்டாச்சே என்று விடவும் மனசு வராது, தண்ணீர் மாற்றவும் கை வராது. மூன்று வாரம் தள்ளிப்போகும். கல் பவளம் நிறைந்த தொட்டியில் காரத்தன்மையும் கால்சியமும் தினமும் குறைந்துகொண்டே இருக்கும், சோதித்துச் சோதித்து ஈடுகட்ட வேண்டும். மூன்று வாரத்தை அது மன்னிக்காது.

இதுவரை சொன்னது எல்லாம் பணமும் கவனமும் இருந்தால் சமாளிக்கக்கூடியவை. சட்டம் அப்படியில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே அட்டவணையில், 2001 ஜூலையில் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் சேர்ந்தன. 2022ல் சட்டத்தைத் திருத்தி 2023 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தபோதும் பவளங்கள் முதல் அட்டவணையிலேயே இருக்கின்றன. குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கையில் வைத்திருப்பவர்தான் அது முறையாக வந்தது என்று காட்ட வேண்டும். "வெளிநாட்டுல வளர்த்தது சார்" என்ற கடைக்காரர் வாய்வார்த்தை கோர்ட்டில் நிற்காது. செத்த பவளக்கல்லும் இதில் வரும், ராமேஸ்வரம் போய்வந்து ஷோகேஸில் வைத்திருப்பவர்கள் உட்பட!

இவ்வளவு கடுமை தேவையா என்று கேட்கலாம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகளின் கதையைத் தெரிந்துகொண்டால் கேள்வி மாறிவிடும். 1986ல் 21 தீவுகளைச் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வள்ளம் வள்ளமாக ஏற்றினார்கள். அலையைத் தடுத்த பாறை போனதும் மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. வெட்டுவது 2005 வாக்கில்தான் நின்றது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002லிருந்து உடைந்த பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டு வளர்க்கிறது. ஒரு பக்கம் ஆட்கள் மூழ்கி விரல் நீளத் துண்டை நடுகிறார்கள், இன்னொரு பக்கம் அதே மாதிரி ஒரு துண்டு பாலிதீன் பையில் பஸ் ஏறித் தேனிக்கு வந்து ஆறு மாதத்தில் வெள்ளைக் கல்லாகிறது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

பவளத் தொட்டிப் பிரியர்கள் சொல்லும் ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. கடலையே பார்க்காத மலையடிவாரப் பிள்ளைக்குப் பவளம் ஓர் உயிர் என்று தெரிவது தொட்டியில்தான், தெரிந்தால்தான் அக்கறை வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அக்கறை வருவதற்குக் கல் பவளம்தான் வேண்டும் என்று எங்கே இருக்கிறது? கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. தொட்டியில் பிறந்த மீன் கடலைக் காலி செய்து வந்ததல்ல, தொட்டித் தண்ணீருக்கும் தீனிக்கும் பழகியது. கடல் சாமந்தி இல்லாமலே வாழும். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். இதைவிட ஒரு பிள்ளைக்கு என்ன சுவாரஸ்யம் வேண்டும்?

மலைக்கு அந்தப் பக்கமே ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'மிஸ் கேரளா' என்று விற்கும் சிவப்புக்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டும் உள்ளது. தொட்டிக்காக அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்து, கடைசியில் அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அது நன்னீர் மீன். ஆற்றில் இறங்கினால் எண்ணிப் பார்க்க முடிகிற மீனுக்கே இந்தக் கதி.

ஆகவே கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒருவருக்கு ஆசை விடவில்லை என்றால் இப்படிச் செய்யலாம். முதலில் ஒரு வருடம் நன்னீர்த் தொட்டியை ஒரு மீனும் சாகாமல் நடத்திக் காட்டட்டும். பிறகு உப்புநீர், சிறிய தொட்டி வேண்டாம். சிறியது சுலபம் என்பது பொய், தண்ணீர் குறையக் குறைய எல்லாம் வேகமாகக் கெடும். 190 லிட்டருக்குக் கீழே போகாமல், செயற்கைப் பீங்கான் பாறை வைத்து, ஆறு வாரம் காத்திருந்து, பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. வெப்பமானி, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், அமோனியா, நைட்ரேட் சோதனைக் கிட் மூன்றும் மீனுக்கு முன்னால் வாங்க வேண்டும். ஒரு முழுக் கோடையும் ஒரு திருவிழாவும் தாண்டட்டும். அதன் பிறகு காளான் பவளம், தோல் பவளம் மாதிரி, மேற்சொன்ன பட்டியலில் வராத மென்பவளங்களை முறையான பில்லோடு, எங்கே வளர்த்தது என்று கேட்டு வாங்கலாம். அவை கல் கட்டுவதில்லை, கால்சியக் கணக்கும் அவ்வளவு கறாரில்லை. பொத்தான் மாதிரி இருக்கும் சொவாந்திட் வகையைத் தொடும்போது மட்டும் கையுறை அவசியம். சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு, அது ஒட்டிய பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவப் போய் ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போன குடும்பங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன.

கல் பவளத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, தேனியிலிருந்து ராமேஸ்வரம் ஒரு நாள் பயணம்தான். போகும் வழியில் மண்டபம் வரும். வனத்துறையின் கண்ணாடித்தளப் படகு ஓடுகிறதா என்று கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது. காற்று பலமாக இருக்கும் மாதங்களில் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது.